மின்தொகுப்பை நம்பகமாக வைத்திருப்பது எப்படி: எதை முதலில் செய்வது, ஏன்

ஒரு நாட்டின் மின்தொகுப்பை, அதாவது கிரிட்டை, அடுத்த பத்து, இருபது ஆண்டுகளுக்குத் தயார்செய்யும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "இன்னும் எத்தனை மெகாவாட் வேண்டும்?" என்பதுதான். இந்த வழிகாட்டியில் அந்தக் கேள்வி எட்டாவது படியில்தான் வருகிறது. பெரிய இருட்டடிப்புகளில் பலவும் உற்பத்தி போதாமல் வந்தவை இல்லை. உற்பத்தி இருக்கும்போதே பழுதைக் கண்டு துண்டிக்கும் ரிலே கருவியின் அமைப்போ (செட்டிங்கோ), கட்டுக்குள் நிற்காத வோல்டேஜோ, கணக்கில் வராத கூரைச் சூரியத் தகடுகளோ கிரிட்டைச் சாய்த்திருக்கின்றன.

கட்டுப்பாட்டு அறையிலோ திட்டமிடல் பிரிவிலோ இந்த வேலையைக் கையில் எடுப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்குத் தேவைப்படுவதால் வரிசையை மாற்ற வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்து தரவுகள் இல்லாமல் ஆய்வைத் தொடங்காதீர்கள். முதலாவது, எல்லா லைன்கள், மின்மாற்றிகள், பஸ்பார்கள் (துணைமின் நிலையத்தில் லைன்கள் சந்திக்கும் கடத்திகள்) கொண்ட கணினி மாதிரி. பிரேக்கர் (லைனை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் சுவிட்ச்) அமைப்பும் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, மணிக்கு மணி தேவையும் காற்று, சூரிய உற்பத்தியும். குறைந்தது சில ஆண்டுகளுக்காவது வேண்டும். மூன்றாவது, இப்போது களத்தில் உள்ள ரிலே அமைப்புகள். வடிவமைப்புக் கோப்பில் இருப்பவை போதாது. நான்காவது, ஒவ்வொரு பெரிய ஜெனரேட்டரின் கவர்னரும் (அதிர்வெண்ணுக்கு ஏற்ப உற்பத்தியை மாற்றும் கருவி) எக்ஸைட்டரும் (வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் கருவி) சோதனையில் காட்டிய நடத்தை. ஐந்தாவது, ஃபீடர் (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) வாரியாகக் கூரைச் சூரிய மின்சாரத்தின் அளவு.

ஐந்தாவதைத் திரட்டுவதுதான் கடினம். பெரும்பாலோர் "பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைத்துவிடுகிறார்கள். இரண்டாவது, நான்காவது, ஏழாவது படிகளின் விடையையே மாற்றக்கூடியது அது. தோராயமான மதிப்பாவது இல்லாமல் நகர வேண்டாம்.

1. மாதிரியை நிஜத்தோடு மோதிப் பாருங்கள்

அண்மையில் நடந்த ஒரு பழுதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய யூனிட் (ஜெனரேட்டர்) திடீரென்று டிரிப் ஆகி நின்ற நாளாக இருந்தால் நல்லது. அன்றைய நிலையை மாதிரியில் அப்படியே அமைத்து, அதே யூனிட்டைத் துண்டித்து, கணினி காட்டும் அதிர்வெண் கோட்டைப் பதிவான கோட்டின் மேல் வையுங்கள். உற்பத்தி தேவைக்குக் கீழே போனால் அதிர்வெண் விழும்.

பெரும்பாலும் மாதிரியின் கோடு நிஜத்தைவிட அழகாக இருக்கும். கவர்னர்கள் காகிதத்தில் உள்ளபடி நிஜத்தில் உதவுவதில்லை என்பதே வழக்கமான காரணம். சில யூனிட்டுகளில் வால்வு ஏற்கெனவே முழுதாகத் திறந்திருக்கும். சிலவற்றில் ஆலையின் கட்டுப்பாட்டு அமைப்பு, கவர்னர் கொடுத்த உதவியைச் சில நொடிகளில் திரும்ப எடுத்துவிடும். இந்த இடைவெளியைச் சரிசெய்யாமல் மேலே போனால், பின்னால் வரும் எல்லாக் கணக்கும் உங்களுக்குச் சாதகமாகப் பொய் சொல்லும்.

நிகழ்நேர மாதிரிக்கும் இது பொருந்தும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். மரக்கிளைகள் தொட்டு லைன்கள் விழுந்துகொண்டிருந்தபோது, ஒரு கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்திருந்தது. பழுது இருப்பதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

2. கடினமான மணி நேரங்களைத் தேர்ந்தெடுங்கள்

ஆண்டின் உச்சத் தேவை மணி நேரத்தை மட்டும் ஆய்ந்துவிட்டு எழுந்துவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. உச்ச நேரத்தில் எல்லாப் பெரிய இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருக்கும். பல வகைகளில் கிரிட் அப்போதுதான் உறுதியாக இருக்கும்.

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், இலங்கை முழுதும் இருண்டது. பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட பழுதுதான் தொடக்கம். விடுமுறை நாள் என்பதால் தேவை குறைவு. வெயில் நன்றாக இருந்ததால் சூரிய உற்பத்தி அதிகம். சுழன்றுகொண்டிருந்த பெரிய இயந்திரங்கள் குறைவு. சாதாரண நாளில் ஒரு பகுதியோடு நின்றிருக்கக்கூடிய பழுது அன்று நாட்டையே எடுத்துக்கொண்டது.

ஆகவே குறைந்தது நான்கு நிலைகளை எடுங்கள். உச்சத் தேவை, வெயில் மிகுந்த விடுமுறை நாளின் நண்பகல், சூரியன் இறங்க இறங்க மற்ற உற்பத்தி வேகமாக ஏற வேண்டிய மாலை, தேவை மிகக் குறைந்த பின்னிரவு. ஒவ்வொன்றிலும் மொத்தத் தேவையைப் பார்க்காமல், அதிலிருந்து காற்றையும் சூரியனையும் கழித்து மிஞ்சும் நிகரத் தேவையைப் பாருங்கள். மற்ற நிலையங்கள் சுமக்க வேண்டியது அதைத்தான்.

3. ஒன்று போனாலும் நிற்குமா?

எந்த ஒரு லைனோ, மின்மாற்றியோ, யூனிட்டோ போனாலும் மீதமுள்ளவை வரம்புக்குள் இருக்க வேண்டும். இதை 'என் மைனஸ் ஒன்' (N-1) என்பார்கள். மென்பொருள் ஆயிரக்கணக்கான நிலைகளைத் தானே ஓட்டிவிடும். எதை "ஒன்று" என்று எண்ணுவது என்பதில்தான் உங்கள் மூளை வேண்டும்.

ஒரே டவரில் போகும் இரண்டு சர்க்யூட்டுகள் இரண்டல்ல, ஒன்றுதான். ஒரு மின்னலோ சூறாவளியோ இரண்டையும் சேர்த்து எடுத்துவிடும். ஒரே எரிவாயுக் குழாயை நம்பியிருக்கும் மூன்று நிலையங்களும் அப்படித்தான். ஒரே மென்பொருள் அமைப்போடு ஓடும் சூரியப் பூங்காக்களையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். 2016 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் காட்டுத்தீயால் லைன்களில் பழுது வந்தபோது, தகடுகளின் மின்சாரத்தைக் கிரிட்டுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் இன்வெர்ட்டர்கள் பலவும் அதிர்வெண்ணைத் தவறாகக் கணித்துத் துண்டித்துக்கொண்டன. சுமார் 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் ஒரே அடியில் போனது. எந்தப் பூங்காவிலும் தனியாக ஒரு பழுதும் இல்லை.

பராமரிப்புக்காக ஏற்கெனவே நிறுத்திய லைன்களை மறப்பது இன்னொரு தவறு. 2012 ஜூலை 30 அன்று இந்தியாவின் வட கிரிட்டும், மறுநாள் அதோடு கிழக்கு, வடகிழக்கு கிரிட்டுகளும் சேர்ந்து சரிந்தபோது, மண்டலங்களுக்கு இடையிலான பல லைன்கள் முன்பே சேவையில் இல்லை. எல்லாம் இருக்கும் கிரிட்டை மட்டும் ஆய்ந்தால், ஆண்டில் பெரும்பாலான நாட்களில் இல்லாத கிரிட்டை ஆய்ந்ததாகவே ஆகும்.

4. முதல் பத்து நொடிகளைக் கணக்கிடுங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். எதிர்காலத்தில் மிகவும் மாறப்போவது இங்கேதான்.

ஒரு யூனிட் போன அந்தக் கணத்தில், பற்றாக்குறையை ஈடுசெய்வது சுழலும் இயந்திரங்களில் தேங்கியிருக்கும் இயக்க ஆற்றல். அதற்குப் பெயர் இனெர்ஷியா. கவர்னர்கள் விழித்துக்கொள்ள சில நொடிகள் ஆகும். அதுவரை அதிர்வெண் எவ்வளவு வேகமாக விழும் என்பதை ஒரு எளிய கணக்கு சொல்லிவிடும்:

வினாடிக்கு ஹெர்ட்ஸ் = இழந்த மெகாவாட் × 50 ÷ (2 × இயக்க ஆற்றல், மெகாவாட்-வினாடியில்)

50 என்பது கிரிட்டின் இயல்பான அதிர்வெண். ஒரு எடுத்துக்காட்டு. இரவில் இயக்க ஆற்றல் 60,000 மெகாவாட்-வினாடி என்று வைப்போம். 600 மெகாவாட் போனால் அதிர்வெண் வினாடிக்கு 0.25 ஹெர்ட்ஸ் விழும். வேறு உதவி இல்லாவிட்டால் 50லிருந்து 49க்கு வர நான்கு வினாடி. அதே கிரிட்டில், வெயில் நண்பகலில், பெரிய இயந்திரங்கள் பல நிறுத்தப்பட்டு 20,000 மட்டும் மிஞ்சியிருக்கிறது. இப்போது அதே இழப்புக்கு வினாடிக்கு 0.75 ஹெர்ட்ஸ். ஒன்றரை வினாடிக்குள் 49ஐத் தாண்டிவிடும். கவர்னர்களால் அதற்குள் ஒன்றும் செய்ய முடியாது.

இதோடு முடியவில்லை. வினாடிக்கு 0.5 ஹெர்ட்ஸைத் தாண்டினால் துண்டித்துக்கொள்ளும்படி சிறு நிலையங்களின் ரிலேக்கள் அமைக்கப்பட்டிருந்தால், அவற்றின் 200 மெகாவாட்டும் சேர்ந்து போகும். இழப்பு 800 ஆகிறது, வேகம் வினாடிக்கு 1 ஹெர்ட்ஸ் ஆகிறது. 2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் நடந்தது இதே வகைச் சங்கிலிதான். மின்னலுக்குப் பின் ஒரு கடல் காற்றாலையும் ஓர் எரிவாயு நிலையமும் உற்பத்தியை இழந்தன. சிறு நிலையங்கள் தங்கள் ரிலேக்களால் விலகிக்கொண்டன. உடனே கூட்டத் தயாராகக் கையில் இருந்த ரிசர்வ் 1,000 மெகாவாட், இழப்பு அதைத் தாண்டியது. அதிர்வெண் 48.8க்கு வந்ததும், அதைக் காக்க நுகர்வோரைத் தானாகத் துண்டிக்கும் லோடு வெட்டு இறங்கி, சுமார் 11 லட்சம் நுகர்வோர் மின்சாரம் இழந்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியவை. போன யூனிட்டின் சொந்த இனெர்ஷியாவையும் மொத்தத்திலிருந்து கழியுங்கள். முழுத் திறனில் ஓடும் இயந்திரத்தை ரிசர்வ் என்று எண்ணாதீர்கள். ரிசர்வ் நெரிசலான லைனுக்குப் பின்னால் இருந்தால், அது தேவைப்படும் இடத்துக்கு வந்துசேராது. ஒரே யூனிட்டில் பெரிய ரிசர்வை வைத்தால் அந்த யூனிட்டோடு அதுவும் போய்விடும்.

குறைபாடு தெரிந்தால் மூன்று வழிகள் உண்டு. மிகப் பெரிய ஒற்றை இழப்பின் அளவைக் குறைக்கலாம். ஒரு வினாடிக்குள் பதில் தரும் மின்கல நிலையங்களைச் சேர்க்கலாம். அல்லது சின்க்ரோனஸ் கண்டன்சர் (மின்சாரம் உற்பத்தி செய்யாமல் கிரிட்டோடு சேர்ந்து சுழலும் இயந்திரம்) வைத்து இனெர்ஷியாவைக் கூட்டலாம். முதல் வழிக்கு, புதிதாக எதுவும் வாங்காமல் அன்றே உத்தரவிடலாம்: நண்பகலில் அந்தப் பெரிய யூனிட்டைக் கொஞ்சம் இறக்கி ஓட்டுங்கள்.

5. வோல்டேஜை இரு பக்கமும் பாருங்கள்

தேவை ஏறினால் வோல்டேஜ் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏறும் ஆபத்தைத்தான் புதியவர்கள் சோதிப்பதில்லை. சுமை குறைந்த நீளமான லைன் தானே ரியாக்டிவ் பவரை (வேலை செய்யாவிட்டாலும் வோல்டேஜைப் பாதிக்கும் மின்திறனை) உற்பத்தி செய்து வோல்டேஜை உயர்த்தும்.

2025 ஏப்ரல் 28 நண்பகலில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டது இப்படித்தான். வோல்டேஜ் ஏறியதால் நிலையங்கள் விலகின. அவை விலகியதால் வோல்டேஜ் மேலும் ஏறியது. புதுப்பிக்கத்தக்க நிலையங்கள் பலவும் மாறாத பவர் ஃபேக்டரில், அதாவது ரியாக்டிவ் பவரை வோல்டேஜுக்கு ஏற்ப மாற்றாமல், ஓடிக்கொண்டிருந்தன. அதனால் வோல்டேஜை இறக்க அவை உதவவில்லை. அதிர்வெண் விழுந்து தானியங்கி லோடு வெட்டு இறங்கியபோது அதுவும் கைகொடுக்கவில்லை. லோடு போனால் வோல்டேஜ் இன்னும் ஏறும்தானே.

எனவே நண்பகல், பின்னிரவு நிலைகளில் உயர் வோல்டேஜுக்கான ஆய்வைத் தனியாக ஓட்டுங்கள். ரியாக்டர்கள் (ரியாக்டிவ் பவரை உறிஞ்சும் சாதனங்கள்) எங்கே போதவில்லை என்று பாருங்கள். இன்வெர்ட்டர் நிலையங்களை வோல்டேஜ் கட்டுப்பாட்டு முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திறன் உள்ளேயே இருக்கிறது, விதியில் கேட்காததால்தான் சும்மா கிடக்கிறது.

6. ரிலேக்களும் அமைப்புகளும்

மேலே வந்த பழுதுகளில் பாதுகாப்பு அமைப்பு பலமுறை குறுக்கிட்டதைக் கவனித்திருப்பீர்கள். 2012இல் இந்தியாவின் சரிவைத் தொடங்கிவைத்த பினா–குவாலியர் லைனில் ஷார்ட் சர்க்யூட் எதுவும் இல்லை. அதிக சுமையை தூரத்துப் பழுதாக எடுத்துக்கொண்டு தொலைவுப் பழுதுகளைக் கவனிக்கும் மூன்றாம் மண்டல ரிலே வெட்டியது.

ஒவ்வொரு முக்கிய லைனிலும் மிக அதிக சுமையும் குறைந்த வோல்டேஜும் ஒருசேர வரும் நிலையில் ரிலே என்ன செய்யும் என்று சோதியுங்கள். காற்றாலைகளிலும் சூரியப் பூங்காக்களிலும், அடுத்தடுத்து எத்தனை வோல்டேஜ் சரிவுகளைத் தாங்கும்படி அமைத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் புயல் டவர்களைச் சாய்த்தபோது, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் சரிவு வந்தால் விலகிக்கொள்ளும் ஓர் அமைப்பு காற்றாலைகளில் இருந்தது. கட்டுப்பாட்டு அறைக்கு அது தெரிந்திருக்கவில்லை. மாநிலம் முழுதும் இருண்டது.

இதே கேள்வியை இனிப் பெரிய நுகர்வோரிடமும் கேட்க வேண்டும். 2024 ஜூலையில் அமெரிக்காவின் வர்ஜீனியா பகுதியில் ஒரு லைன் பழுதுக்குப் பின் சுமார் 1,500 மெகாவாட் டேட்டா சென்டர் லோடு தன் சொந்த யூபிஎஸ்சுக்கு ஒரே நேரத்தில் தாவியது. லோடு திடீரென்று காணாமல் போவதும் கிரிட்டுக்கு அடிதான்.

7. கடைசி அரணும் மீட்பும்

எல்லாம் தவறினால் தானியங்கி லோடு வெட்டு. அதுவும் தவறினால் இருளிலிருந்து மீட்பு. இரண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

லோடு வெட்டுப் பட்டியலைப் பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். கூரைச் சூரியத் தகடுகள் நிறைந்த ஃபீடர் நண்பகலில் கிரிட்டுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். அதை வெட்டினால் நீங்கள் வெட்டியது உற்பத்தி. மின் நிலையங்களை ஓடவைக்கும் ஃபீடர்கள் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸின் கடுங்குளிரில், லோடு வெட்டில் எரிவாயு வயல்களின் மின்சாரமும் போனது. அதனால் எரிவாயு குறைந்து மேலும் நிலையங்கள் நின்றன. அங்கே 60 ஹெர்ட்ஸ் கிரிட்டின் அதிர்வெண் 59.3 வரை இறங்கி, நிலையங்கள் மொத்தமாக விலக இன்னும் சில நிமிடங்களே இருந்தபோது மீண்டது.

மீட்புத் திட்டத்தின் வரிசை இது. முதலில் இருண்ட பகுதியில் பிரேக்கர்களைத் திறந்துவிடுங்கள், அதாவது இணைப்புகளைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் முதல் மின்சாரம் வந்ததும் எல்லா லோடும் அதன் மேல் பாயும். அப்புறம், வெளி மின்சாரம் இல்லாமல் தானே தொடங்கக்கூடிய நிலையத்தை ஓட்டுங்கள். பெரும்பாலும் அது நீர் மின் நிலையமோ எரிவாயு டர்பைனோ ஆக இருக்கும். அங்கிருந்து பெரிய நிலையத்துக்குப் போகும் ஒரு குறுகிய பாதையில் மட்டும் மின்சாரம் ஏற்றுங்கள். நீளமான வெற்று லைனை ஏற்றினால் வோல்டேஜ் எகிறி, சிறிய ஜெனரேட்டர் விழுந்துவிடும்.

பிறகு லோடைச் சிறு துண்டுகளாகச் சேருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தித் திறனில் 5 விழுக்காட்டுக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றாதீர்கள். நீண்ட நேரம் இருண்டிருந்த ஃபீடரில் குளிர்சாதனங்களும் மோட்டார்களும் ஒன்றாகத் தொடங்குவதால், வழக்கமான அளவைப் போல் இரண்டு மடங்கு கூட இழுக்கலாம். இன்னொரு சிக்கல், ஃபீடர் ஏறிய சில நிமிடங்களில் கூரைத் தகடுகள் தாமாக இணைந்து, அப்போது தனியாக ஓடும் சிறிய பகுதியின், அதாவது தீவின், அதிர்வெண்ணைக் குலைக்கும். பகலில் மீட்பதற்கான திட்டம் தனியாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தீவுகள் உறுதியான பிறகே வோல்டேஜ், அதிர்வெண், கட்டக் கோணம் (இரு பக்க மின் அலைகளும் இருக்கும் நிலை) மூன்றும் ஒத்துவரும்போது இணையுங்கள்.

காகிதத்தில் உள்ள பிளாக் ஸ்டார்ட்டை (வெளி மின்சாரம் இல்லாமல் தானே தொடங்கும் திறனை) நம்பாதீர்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒப்பந்தம் செய்திருந்த இரண்டு நிலையங்களும் அன்று கைகொடுக்கவில்லை, அண்டை மாநில இணைப்பால்தான் மீட்பு தொடங்கியது. உண்மையில் பயன்படுத்தப்போகும் அதே ஸ்விட்சிங் வரிசையில், அந்த நிலையத்தின் வெளி மின்சாரத்தை நிஜமாகவே துண்டித்துச் சோதியுங்கள்.

துணைமின் நிலைய பேட்டரிகளும் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் குறித்துவையுங்கள். மீட்பு அதைவிட நீண்டால் பிரேக்கரை இயக்கவும் முடியாது, பேசவும் முடியாது. கையால் இயக்கத் தெரிந்த ஆட்களும் வேண்டும். 2015 டிசம்பரில் உக்ரைனில் இணையத் தாக்குதலால் மின்சாரம் போனபோது, ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கு நேரில் போய் பிரேக்கர்களை மூடித்தான் மீட்டார்கள்.

8. இப்போது கேளுங்கள்: எத்தனை மெகாவாட்?

இதுவரை கிடைத்த வரம்புகளை வைத்துக்கொண்டுதான் உற்பத்தித் திறனைக் கணக்கிட முடியும். இலக்கு ஒன்றை முதலில் முடிவுசெய்யுங்கள். வட அமெரிக்காவில் பத்து ஆண்டுகளுக்கு ஒரு நாள் பற்றாக்குறை என்பது நெடுநாள் அளவுகோல். பிரிட்டனில் ஆண்டுக்கு 3 மணி நேரம்.

பெயர்ப்பலகைத் திறனை (நிலையத்துக்குக் குறித்திருக்கும் அதிகபட்சத் திறனை) கூட்டிவிட்டுப் போகாதீர்கள். உச்சம் மாலையில் வந்தால், பகலுக்காகச் சேர்க்கும் ஒவ்வொரு கூடுதல் சூரியப் பூங்காவும் அந்த உச்சத்துக்கு மேலும் மேலும் குறைவாகவே உதவும். நான்கு மணி நேர மின்கலம் நான்கு மணி நேரப் பற்றாக்குறைக்கு அருமையான மருந்து, மூன்று நாள் காற்றில்லாக் காலத்துக்கு அது போதாது. தேவை, காற்று, சூரியன் மூன்றையும் ஒரே ஆண்டின் ஒரே மணி நேரத்திலிருந்து எடுங்கள். வெவ்வேறு ஆண்டுகளைக் கலந்தால், கடும் வெப்பமும் தேவையும் காற்றின்மையும் ஒன்றாக வரும் கொடுமையான வாரம் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

9. பணத்தை எந்த வரிசையில் போடுவது

முதலில் அமைப்பு மாற்றங்கள்: ரிலே, இன்வெர்ட்டர், கவர்னர். அடுத்து மரம் வெட்டும் வேலை, பராமரிப்பு நாட்காட்டி. பிறகு, காற்றும் வெப்பமும் பார்த்து லைனின் திறனை அவ்வப்போது கணிக்கும் கருவிகளும், பழைய டவரிலேயே கூடுதல் மின்சாரம் தாங்கும் புதிய கம்பிகளும். அதற்கடுத்து கிரிட்டைத் தானே உருவாக்கும் வகை இன்வெர்ட்டர் கொண்ட மின்கலங்கள், சின்க்ரோனஸ் கண்டன்சர்கள். மூடப்போகும் அனல் நிலையத்தின் ஜெனரேட்டரையே சில இடங்களில் கண்டன்சராக மாற்றலாம்.

புதிய லைன்களுக்குப் பணம் கடைசியில் போகும், வேலை முதல் நாளே தொடங்க வேண்டும். நில அனுமதிக்கே பல ஆண்டுகள் ஓடிவிடும். பெரிய மின்மாற்றிகளும் அப்படித்தான், ஆர்டர் கொடுத்து வந்துசேர ஓராண்டுக்கு மேல் ஆகலாம். உதிரி மின்மாற்றி வாங்கும்போது அது போகும் பாதையின் பாலங்கள் அந்த எடையைத் தாங்குமா என்றும் பாருங்கள்.

10. எப்போது திரும்பச் செய்வது

ஆண்டுக்கு ஒரு முறை என்ற நாட்காட்டி மட்டும் போதாது. மிகப் பெரிய ஒற்றை இழப்பைவிடப் பெரிய யூனிட் வந்தால், அனல் நிலையம் ஒன்று மூடினால், கூரைச் சூரியத் தகடுகள் கடைசி ஆய்வில் எடுத்த அளவைக் குறிப்பிடத்தக்க அளவு தாண்டினால், ஒரு பெரிய டேட்டா சென்டர் இணைப்பு கேட்டால், இரண்டாவது படியிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். ஏதாவது பழுது நடந்து மாதிரியின் கோடும் பதிவான கோடும் ஒத்துப்போகாவிட்டால், முதல் படிக்கே போங்கள். அந்த வித்தியாசத்தின் காரணம் தெரியும்வரை புதிய இணைப்பு எதற்கும் ஒப்புதல் கொடுக்காதீர்கள்.